கரோல் யார் வீட்டுக்கு வரும்?

டிசம்பர் முதல் வாரத்தில், குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல்லுக்கு ராத்திரி பஸ் ஏறினால் சாலையின் இரு பக்கமும் ஸ்டார்கள்தான். பேப்பர் ஸ்டார், பிளாஸ்டிக் ஸ்டார், மூங்கில் சீவிக் கட்டிய பழைய மாடல் ஸ்டார். ஸ்டாரைப் பார்த்து அது எந்தச் சபைக்காரர் வீடு என்று சொல்ல முடியாது. கரோல் வண்டியைப் பார்த்தால் சொல்லிவிடலாம். டெம்போவின் நெற்றியில் சபைப் பெயர் எழுதிய பேனர், பின்னால் டிரம்ஸ், சிவப்பு அங்கிக்குள் வியர்த்துக் கொட்டும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. கூடவே கமிட்டிப் பெரியவர் ஒருவர் கையில் நோட்டு. அதில் சபைக் குடும்பங்கள் தெரு வரிசையில் எழுதப்பட்டிருக்கும். பெயருக்கு எதிரே காணிக்கைத் தொகை. நோட்டில் பெயரில்லாத வாசல் வரும்போது டிரம்ஸ் கொஞ்சம் தணியும். வழி தெரியாத பையன் யாராவது உள்ளே நுழையப் பார்த்தால், "அது ஆர்.சி. வீடாக்கும் மக்களே, தாண்டிப் போ" என்று குரல் வரும்.

இதில் பகை ஒன்றும் இல்லை. அந்த ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டுக்காரர்கள் முற்றத்தில் நின்று சிரித்தபடி பார்ப்பார்கள். மறுநாள் அவர்களுடைய பங்கு இளைஞர்கள் வந்து இந்த வீட்டைத் தாண்டிப் போவார்கள். பண்டிகைக்கு இரு வீட்டுக்கும் இடையே முந்திரிக்கொத்து போகும், வரும். வேலி தாண்டாமல் நிற்பது பாட்டு மட்டும்தான்.

ஏன் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தை அருகில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைக்கிறது. இரண்டு மண்ணுக்கும் தொடக்கம் ஏறக்குறைய ஒன்று. 1544இன் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார், இன்றைய குமரி அடங்கிய திருவிதாங்கூர் கடற்கரையில், ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட முக்குவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். அதே ஆண்டில் அவர் அனுப்பிய குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். அறுநூறு பேருக்கு மேல் என்கிறது மரபு. பிறகு புராட்டஸ்டன்ட் மிஷன்கள் வந்தன. 1806இல் லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்தார். அவரை வரவழைத்தவர் அந்த ஊர் வேதமாணிக்கம். யாழ்ப்பாணத்தில் 1814இல் வெஸ்லியன் மெதடிஸ்டுகள், 1816இல் அமெரிக்க மிஷன், 1818இல் நல்லூரில் ஆங்கிலிக்கச் சபையின் சி.எம்.எஸ்.

இங்கேதான் பாதை பிரிகிறது. தென் திருவிதாங்கூர் முழுவதும் லண்டன் மிஷனின் (எல்.எம்.எஸ்.) தனிக்காடு. ஆங்கிலிக்கர் ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருநெல்வேலியில் இருந்தார்கள். பின்னால் இரட்சணிய சேனையும் லுத்தரன் சபையும் வந்தன என்றாலும் கிராமம் கிராமமாக வேர்விட்டது எல்.எம்.எஸ்.தான். யாழ்ப்பாணத்திலோ ஒரு சின்னத் தீபகற்பத்தை மூன்று மிஷன்கள் பங்கு போட்டுக்கொண்டன. தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அமெரிக்கன், நல்லூர் ஆங்கிலிக்கன், பட்டணத்தில் மெதடிஸ்ட். சைக்கிளில் அரை மணி நேரம் மிதித்தால் மூன்று விதமான ஆராதனை.

1908இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனபோது நாகர்கோவிலும் வட்டுக்கோட்டையும் ஒரே அமைப்புக்குள் வந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகளுடன் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை என்ற சி.எஸ்.ஐ. பிறந்தபோதும் இரண்டும் உள்ளே இருந்தன. இலங்கை மண்ணில் இருந்தபடியே யாழ்ப்பாணப் பேராயம் 'தென்னிந்திய' திருச்சபையின் அங்கமானது. அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். உலகமே திரும்பிப் பார்த்த இணைப்பு அது. எபிஸ்கோப்பல் சபைகளும் எபிஸ்கோப்பல் அல்லாத சபைகளும் அப்படி ஒன்றானது அதுவே முதல் முறை.

ஆனால் குமரிக்காரனுக்கு அந்த இணைப்பு எதைக் கேட்டது? சேர வேண்டிய ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் அவன் ஊரில் இல்லை. அதே கோயில், அதே ஆட்கள், அதே கமிட்டி. பெயர்ப் பலகை மாறியது, பேராயர் வந்தார், 1959இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியானது. அடுத்த தெருக்காரனோடு சேர்ந்து வாழப் பழக வேண்டிய வேலை எதுவும் வரவில்லை. ஒன்றிப்பு எங்களுக்கு உழைக்காமல் கிடைத்த சொத்து.

யாழ்ப்பாணத்தில் தலைகீழ். அமெரிக்க மிஷன் வழிவந்தவர்கள் சி.எஸ்.ஐ.க்குள் போனார்கள். ஆங்கிலிக்கர் இலங்கைத் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்திலும் மெதடிஸ்டுகள் தங்கள் மாநாட்டிலும் நின்றுவிட்டார்கள். இவர்களையும் பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளையும் ஒரே லங்கா திருச்சபையாக்க முப்பது ஆண்டுகளாகப் பேச்சு நடந்தது. 1972இல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இணைப்பு ஆங்கிலிக்கர் சிலர் போட்ட வழக்கில் முடங்கி, பிறகு எழவே இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே டி.டி. நைல்ஸ் காலமாகியிருந்தார். தெல்லிப்பழைப் பக்கம் பிறந்த மெதடிஸ்ட் அவர். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் பிரசங்கித்தவர். 1968இல் உப்சாலாவில் மார்ட்டின் லூதர் கிங் பேச வேண்டிய தொடக்க ஆராதனையில், கிங் கொல்லப்பட்டதால், அவரிடத்தில் நின்று பேசியவர். உலக ஒன்றிப்புக்கு இவ்வளவு பெரிய குரலைக் கொடுத்த தீவில் சட்டப்படியான ஒன்றிப்பு நடக்கவில்லை.

இணைப்பு கைகூடாத இடத்தில்தான் டிசம்பர் மாதம் கூடிப் பாடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கர், சி.எஸ்.ஐ. என்று சேர்ந்து கரோல் ஆராதனை வைப்பது பழக்கமான காரியம். பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய லங்கா இறையியல் கல்லூரியில் ஆங்கிலிக்க, மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் மாணவர்கள், தமிழரும் சிங்களவரும், ஒரே விடுதியில் சாப்பிட்டுப் படித்து வெளியே வருகிறார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் அடுத்த சபைக்குப் போதகராக வந்திருந்தால் ஒரு போன் போதும், பாடகர் குழு வந்துவிடும். வழக்குமன்றம் இதைத் தடுக்க முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்குள்ள ஒளிவிழா. நம் பக்கத்தில் இதற்கு நேர் ஒப்பு இல்லை. நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் வாணி விழா என்றால் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன்னால் ஒளிவிழா. அரசுப் பாடசாலையிலேயே நடக்கும். 1960களின் தொடக்கத்தில் மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் சமயம் அங்கே ஒரு பாடம். சைவ மாணவர் சைவநெறி படிப்பார், கத்தோலிக்கரும் பிற கிறிஸ்தவரும் தத்தம் பாடநூலைப் படிப்பார்கள். வகுப்பில் கத்தோலிக்கம் வேறு, கிறிஸ்தவம் வேறு. ஒளிவிழா மேடையில் மட்டும் அந்தக் கோடு அழிந்துவிடும். காரணம் எளியது: ஒரு பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகள் முப்பது பேர் என்றால், யோசேப்புக்கும் மரியாளுக்கும் மூன்று ஞானிகளுக்கும் இடையர்களுக்கும் தேவதூதர்களுக்கும் ஆள் வேண்டுமே. மெதடிஸ்ட் மரியாளுக்குக் கத்தோலிக்க யோசேப்பு. ஆள் போதாவிட்டால் இடையன் வேஷத்துக்கு விபூதி பூசிய பையன் ஒருவன். தலைமை தாங்குவது சைவரான பள்ளி அதிபர். குத்துவிளக்கில் எல்லோரும் ஆளுக்கொரு திரி ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும்கூட ஒளிவிழா உண்டு.

இந்த ஒற்றுமையை நான் புண்ணியக் கணக்கில் எழுதவில்லை. எண்ணிக்கைக் கணக்கில்தான் எழுதுகிறேன். 2012 கணக்கெடுப்பில் இலங்கையில் கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம்; அதிலும் கத்தோலிக்கர் போக மற்றவர் 1.4. குமரி மாவட்டத்தில் 2011இல் கிறிஸ்தவர் 46.85 சதவீதம். சேராவிட்டால் பாட்டே எழும்பாது என்ற நிலை ஒன்று. சேராமலே ஒவ்வொரு கோயிலும் நிரம்பி வாசலில் சாமியானா போட வேண்டிய நிலை இன்னொன்று.

நிரம்பி வழிவது மட்டுமல்ல, குமரியில் காலண்டரே பல. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டானாலும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில்தான் விழும். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் 24இல் கொடியேறி டிசம்பர் 3இல் முடியும். ஆகவே லத்தீன் கத்தோலிக்கருக்கு ஊதா உடுத்து அமைதியாகக் காத்திருக்கத் தொடங்க வேண்டிய ஞாயிறு எப்போதும் தேர்த் திருவிழாவுக்குள் மாட்டிக்கொள்ளும். பலிபீடத்தில் தவக்கோலம், தெருவில் வளையல் கடை. டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேருக்கு உப்பும் மிளகும் போடுகிற கூட்டத்தில் இந்துக்கள் ஏராளம், சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்களும் உண்டு, சபையில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் மலங்கரை, சீரோ மலபார் கத்தோலிக்கருக்கு டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நாள் நோன்பு. அதே தெருவில் சி.எஸ்.ஐ.காரருக்குக் கரோல் தொடங்கியாயிற்று, ஆகவே கேக் தொடங்கியாயிற்று. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றுக்கு டிசம்பர் 25 வெறும் தேதி. அவர்கள் டிசம்பர் 31 இரவுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருவர் நோன்பில் இருக்க இன்னொருவர் தின்ன, மூன்றாமவர் இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்க, சேர்ந்து பாட ஒரு ராத்திரியைக் குறிப்பது லேசில்லை.

இன்னொரு காரணத்தைச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. இங்கே சபை என்பது பாதி சாதி. கடற்கரைப் பங்குகள் முக்குவருக்கும் பரதவருக்கும், உள்நாட்டில் சி.எஸ்.ஐ. பெரும்பாலும் நாடார், கத்தோலிக்கத்துக்குள்ளேயே கடலோரம் வேறு, உள்நாடு வேறு. தூத்தூர் வட்டாரத்துக் கடல் ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தில் இருக்கின்றன. கடற்கரையில் ஊர் என்றால் பங்கு, பங்கு என்றால் ஊர். கரோல் நோட்டுக்கே அங்கு வேலையில்லை, எல்லா வீடும் அதே கோயில்தான். யாழ்ப்பாணம் இதில் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அங்கும் வெள்ளாளர் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமும் உட்கார்ந்த கோயில்கள் உண்டு. பந்தி பிரிந்த வரலாறு உண்டு. ஆனால் அங்கே சாதி ஒரே சபைக்குள் பெஞ்சைப் பிரித்தது. இங்கே சபையையே தெருவுக்குத் தெரு பிரித்து வைத்திருக்கிறது.

நெருக்கடி வந்தால் குமரியும் சேரும். 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு சபைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. ஆனால் அது ஒருவரையொருவர் பார்த்த ஒற்றுமை அல்ல, எதிர்ப்பக்கத்தைப் பார்த்த ஒற்றுமை. இன்று மார்த்தாண்டத்திலும் அருமனையிலும் ஐக்கிய கிறிஸ்துமஸ் என்று மேடை போடுகிறார்கள், எல்லாச் சபைத் தலைவர்களும் வரிசையாக அமர்கிறார்கள். நடுநாற்காலி பெரும்பாலும் அரசியல் தலைவருக்கு. அந்த மேடையில் ஓட்டு எண்ணிக்கையின் வாசனை எனக்கு அடிக்கிறது. நெருக்கடி மறுபடி வந்தது 2017இல். திருவருகைக் காலம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, நவம்பர் 30 அன்று, ஒக்கி புயல் கடலுக்குப் போனவர்களை வாரிக்கொண்டது. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் காணாமல் போனவர்களை மீட்கக் கேட்டுத் தண்டவாளத்தில் உட்கார்ந்த கூட்டம் ஜெபமாலையும் கோஷமுமாக இருந்தது. அந்த ஆண்டு கடற்கரையில் கொண்டாட்டம் இல்லை.

இலங்கையில் நெருக்கடி ஒரு நாள் விருந்தாளி அல்ல. 1995 ஜூலையில் நவாலி புனித பேதுரு கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்கள் குண்டுக்கு இரையானார்கள். 1999 நவம்பர் 20 அன்று மடுக் கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்களுக்கும் அதே கதி. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கத்தோலிக்கக் கோயில்களில் குண்டு வைத்தவர்கள் மட்டக்களப்பில் சீயோன் என்ற சுவிசேஷ சபையையும் விட்டுவைக்கவில்லை. அடைக்கலம் கொடுக்கும் கோயில் எந்தச் சபை என்று அகதி கேட்பதில்லை. இடம்பெயர்ந்த முகாமில் எந்தப் போதகர் இருந்தாரோ அவர்தான் கரோல் பாடவைத்தார்.

பலகாரத்தில் மட்டும் இரு கரையும் பிரியவே இல்லை. குமரியில் முந்திரிக்கொத்து என்பதும் யாழ்ப்பாணத்தில் பயற்றம் பணியாரம் என்பதும் ஒன்றுதான்: பயறை வறுத்து இடித்து, தேங்காயும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போடுவது. பாகு சற்று இளகினால் உருண்டை எண்ணெயில் விரிந்துபோகும். அங்கே கூடுதலாக நத்தார் கேக் உண்டு; மாவுக்குப் பதில் ரவை, கஜு, பாகில் ஊறிய நீற்றுப்பூசணி. கரோல் வருகிறவர்களுக்கு அதைத் துண்டு போட்டுத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள்.

குமரிக்காரனால் சேர்ந்து பாட முடியாது என்பதல்ல விஷயம். வளைகுடாவில் பாடுகிறான். துபாய் ஊத் மேத்தாவில் செயின்ட் மேரீஸ் கத்தோலிக்கக் கோயிலும் ஹோலி டிரினிட்டியும் அடுத்தடுத்த வளாகங்கள். ஹோலி டிரினிட்டியின் கூடங்களை எத்தனையோ சபைகள் மணிக்கணக்கில் பங்கிட்டுக்கொள்கின்றன. குவைத்தில் நேஷனல் எவாஞ்சலிகல் சர்ச் வளாகத்திலும் அப்படித்தான். டிசம்பரில் ஃபிளாட் ஃபிளாட்டாகப் பாடப் போகும் தமிழ்க் கூட்டத்தில் தக்கலைக்காரன், குளச்சல்காரன், மலங்கரைக்காரன் எல்லாரும் ஒரே காரில் ஏறுவார்கள். நோட்டும் கிடையாது, தமிழ்ப் பேச்சு கேட்கிற கதவையெல்லாம் தட்டுவார்கள். அதே ஆட்கள் லீவு கிடைத்து டிசம்பர் 20க்கு ஊர் வந்து இறங்கினால் மறுநாள் ராத்திரி அவரவர் சபை டெம்போவில் இருப்பார்கள். கமிட்டிப் பெரியவர்களில் பலர் அங்கே இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான்.