பொதியில் முனிவரும் பூமியின் துலாக்கோலும்

கந்தர் சஷ்டி நாட்களிலே நமது கோயில்களில் கந்தபுராணப் பிரசங்கம் நடைபெறுவது வழக்கம். தோட்டத்து லயங்களுக்கு நடுவிலுள்ள சிறு கோயிலாயினும், ஜொகூர் பாரு நகரத்துப் பெருங்கோயிலாயினும், பிரசங்கியார் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. கயிலையிலே சிவபெருமானுக்கும் உமையம்மைக்கும் திருமணம். தேவரும் முனிவரும் கணங்களும் ஒருவர் பாக்கியின்றி அங்கே திரண்டனர். பாரம் தாங்காமல் வடதிசை தாழ்ந்தது, தென்றிசை உயர்ந்தது. உலகம் கவிழாதிருக்கும் பொருட்டு இறைவன் குறுமுனிவராகிய அகத்தியரை அழைத்து, "நீர் தெற்கே பொதியிலுக்குச் செல்க" என ஆணையிட்டான். அவர் சென்று அமர்ந்த அளவிலே பூமி சமநிலை எய்தியது. இதுவே கதை.

இக்கதையைக் கேட்டுக் கண்ணீர் மல்குவோர் உளர். "நிலவுலகம் தராசுத் தட்டா?" என்று நகைத்து எழுந்து போவோரும் உளர். இவ்விரு சாராரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. அது இக்கதையை இலக்கியம் என்ற முறையிலே எடுத்து, அதன் அழகு யாது, குறை யாது என நிறுத்துப் பார்ப்பது. அதனையே இங்குச் செய்யக் கருதுகிறோம்.

கந்தபுராணத்தைத் தமிழிலே பாடியவர் காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியர். ஆறு காண்டங்களும் 10,345 செய்யுட்களும் கொண்ட பெருநூல் அது. உற்பத்தி காண்டத்துத் திருக்கல்யாணப் படலத்திலே மேற்கூறிய நிகழ்ச்சி வருகிறது. வாதாவி வதை, காவிரி பெருகியது, குற்றாலத்து நிகழ்ச்சி முதலிய முனிவரின் தென்றிசைச் செயல்கள் அசுர காண்டத்திலே விரிகின்றன. பொதியில் என்னும் மலை நாம் கண்ணால் காணக்கூடியதே. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையிலே 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது; தாமிரபரணி அங்கே பிறக்கிறது. எனினும் புராணத்துப் பொதியில் வேறு. அது கயிலைக்கு எதிர்த்தட்டாகக் கவியுள்ளம் கட்டியெழுப்பிய ஒரு புண்ணிய பூமி. அதன் வேலை ஒன்றே: எதிர்த் திசையின் பாரத்துக்கு ஈடு கொடுத்து நிற்றல்.

முதற்கண் இக்கற்பனையின் பெருமையைச் சொல்லிவிடுவோம். மேனாட்டுப் பெருங்காவியங்களிலும் தெய்வத் துலாக்கோல் உண்டு. ஹோமரின் இலியத்திலே, அக்கிலீசும் எக்தரும் பொருதும் வேளையில், சீயஸ் தெய்வம் பொற்றராசைத் தூக்கி இருவர் விதியையும் நிறுக்கிறது. எக்தரின் தட்டுத் தாழ, அவன் மடிகிறான். மில்டன் தமது சுவர்க்க நீக்கத்தின் நான்காம் புத்தகத்திலே அதே தராசை வானத்தில் தொங்கவிடுகிறார். தன் தட்டு மேலே எழும்பியதைக் கண்டு சாத்தான் ஓடிப்போகிறான். இவ்விரண்டிலும் தராசு எதற்காக? யார் வெல்வர், யார் தோற்பர் என அறிவதற்காக. ஒரு தட்டுத் தாழ்வதே அங்குத் தீர்ப்பு. கச்சியப்பரின் உலகத் தராசுக்கோ தாழ்வதும் உயர்வதும் நோய்; சமமாவதே நலம். நடுவு நிலைமை அதிகாரத்திலே சான்றோருக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை கூறினார் அன்றோ? அந்தத் தமிழ் மரபிலே வந்த தராசு இது.

நமக்கு அண்மையிலுள்ள யாவகத்தையும் நோக்குக. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய யாவக மொழியிலே எழுந்த தந்து பங்கலாரான் என்னும் நூலிலே இதற்கு உறவான கதை ஒன்று இருக்கிறது. யாவகத் தீவு நிலையின்றி ஆடிக்கொண்டிருந்ததாம். அதனை நிலைநிறுத்தத் தேவர்கள் சம்புத்தீவிலிருந்து மகாமேருவையே பெயர்த்துக் கொணர்ந்தனர். மேற்கே வைத்தபோது கிழக்கு உயர்ந்துவிட்டது. ஆதலின் மலையைக் கிழக்கே நகர்த்தினர். வழிநெடுகச் சிதறிய துண்டுகள் சிறு மலைகள் ஆயின. இன்றும் கிழக்கு யாவகத்துப் பெருமலைக்குச் செமேரு என்று பெயர். அகத்தியரும் அத்தீவுக்கு அயலார் அல்லர். கி.பி. 760 ஆம் ஆண்டுத் தினோயோ கல்வெட்டு, கசயானன் என்னும் அரசன் பழைய சந்தன மரத்து அகத்தியர் திருவுருவுக்குப் பதிலாகக் கருங்கல்லில் ஒன்று அமைத்ததைக் கூறுகிறது. பிரம்பானான் சிவன் கோயிலின் தெற்கு அறையிலே அவர் சிலை நிற்கிறது.

இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டால் தமிழ்க்கதையின் தனிச்சிறப்பு விளங்கும். யாவகத்தார் தீவைச் சமன்செய்ய ஒரு மலையை வைத்தனர். தமிழர் உலகைச் சமன்செய்ய ஒரு மனிதரை வைத்தனர். அவரையும் குறுகிய உருவினராக வைத்தனர். பாரம் என்பது உடம்பின் அளவன்று, அறிவின் அளவு என்ற எண்ணம் இதனுள் ஒளிந்திருக்கிறது. முப்பத்து முக்கோடித் தேவர் ஒரு தட்டு. கற்றறிந்த குள்ளர் ஒருவர் மறு தட்டு. கல்வியை இதனினும் உயர்த்திப் பேசிய கதையை யாம் அறியோம்.

நிற்க. இனிக் குறையைப் பார்ப்போம்.

அகத்தியர் தமிழிலக்கியத்திலே எப்பொழுது தோன்றினார்? சங்கத் தொகை நூல்களிலே அகத்தியர் என்னும் பெயர் வரவில்லை. பரிபாடலிலே பொதியில் முனிவர் என்னும் குறிப்பு மாத்திரம் உண்டு. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. மணிமேகலையிலேதான் காவிரியைக் கரகத்திலிருந்து விடுத்தவராக வருகிறார். இறையனார் களவியலுரை அவரைத் தலைச்சங்கத்திலே அமர்த்துகிறது. கே. என். சிவராஜ பிள்ளை சென்னைப் பல்கலைக்கழக வாயிலாக 1930 இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே இச்சான்றுகளையெல்லாம் ஆராய்ந்து, தமிழ்நாட்டு அகத்தியர் கதை பிற்காலத்தில் வளர்ந்தது என நிறுவ முயன்றார். அவர் முடிவு அனைத்தையும் ஒப்புக்கொள்ளாதவரும், கதை படிப்படியாகவே பருத்தது என்பதை மறுத்தல் அரிது.

வளர வளரக் கதை என்ன செய்தது என்று கவனிக்க வேண்டும். தெற்கே உள்ள ஒவ்வொன்றையும் அது வடக்கிலிருந்து வரவழைத்தது. காவிரி கமண்டலத்திலே வந்தது. இலக்கணம் முனிவரோடு வந்தது. நச்சினார்க்கினியரோ தொல்காப்பியப் பாயிர உரையிலே, துவராபதியிலிருந்து வேளிர் குடி பதினெட்டையும் அகத்தியர் அழைத்து வந்து, காடு திருத்திக் குடியேற்றினார் என்கிறார். அப்படியாயின் அதற்குமுன் தெற்கே இருந்தவர் யாவர்? அதற்கும் உரையிலே விடை உண்டு: இராக்கதர். இராவணனை இசையாலே பிணித்து, இராக்கதர் அங்கு நடமாடாதபடி விலக்கினாராம்.

இங்கேதான் தராசின் கோட்டம் வெளிப்படுகிறது. கயிலையிலே கூட்டம் கூடியபோது தென்னாடு வெறுந்தட்டாகவா இருந்தது? உழுதவர், மீன் பிடித்தவர், ஆடு மேய்த்தவர், பாட்டுக் கட்டியவர் இவர்களுக்கு எடையே இல்லையா? கதை அவர்களை நிறுக்கவில்லை. வடக்கே தேவர்கள் நிறுக்கப்பட்டனர். தெற்கே ஒரு முனிவர் நிறுக்கப்பட்டார். மண்ணின் மக்கள் கணக்கிலே ஏறவில்லை. தோட்டத்திலே எடை எழுதும் கிராணிக்கு இவ்வுண்மை எளிதில் புலப்படும். செம்பனைக் குலை எத்தனை டன் என்பது ஏட்டிலே இருக்கும். குலையை வெட்டியவன் தோள்வலி எந்த ஏட்டிலும் இராது. தராசிலே ஏற்றப்படாததை இல்லாதது என்று சொல்லும் ஏடு பொய்யேடு.

இக்குறையைக் கண்டு சிலர் புராணங்களையே எரித்துவிட வேண்டும் என்றனர். 1943 ஆம் ஆண்டிலே கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் குறித்து அறிஞர் அண்ணாதுரை ஒருபுறமும், ரா. பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபுறமும் நின்று நிகழ்த்திய சொற்போர்கள் தமிழுலகம் அறிந்தவை. அவ்வாதத்தினால் நன்மையே விளைந்தது. நூலைத் தொழுதல் வேறு, நூலைப் படித்தல் வேறு என்பதை ஜனங்கள் உணர்ந்தனர். ஆனால் எரித்த நூலைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியாது. கேட்கவேண்டிய கேள்வி இருக்கும்வரையில் நூலும் இருக்கட்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

அக்கேள்வி நமது வாழ்வைத் தொடுவதால் சற்று விரித்துரைப்போம். பிரசங்கியார் சிலர் கடல் கடந்த தமிழரை அகத்தியரோடு ஒப்பிடுவதுண்டு. "ஊரிலே நடக்கும் கலியாணத்தையும் திருவிழாவையும் விட்டு, உலகைச் சமன்செய்ய நீங்கள் தெற்கே அனுப்பப்பட்டீர்கள்" என்பர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பொருந்துமா எனப் பார்க்க வேண்டும். முனிவரை இறைவன் நேரிலே அழைத்தான், காரணம் சொன்னான், மணங்காணும் பேற்றை இழந்து வருந்தியவருக்கு, அம்மணக்கோலத்தைப் பொதியிலிலே காட்டுவதாக வாக்கும் கொடுத்தான். நம் முன்னோரிடம் காரணம் சொன்னவர் யார்? ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நின்று, கங்காணி முறை தொடர்ந்து, 1938 இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை உதவிப்பணத்தோடு மலாயாவுக்கு அனுப்புவதைத் தடுக்கும்வரை, கப்பலேறியவர்களுக்குக் கிடைத்தது கங்காணியின் ஆசை வார்த்தையும் துண்டுச் சீட்டுமே. பாரத்தைச் சுமந்தது அவர்கள். சமநிலையை அனுபவித்தது வேறு தட்டு.

இன்னுமொன்று. உலகம் சாய்ந்ததற்குக் காரணம் என்ன? எல்லாரும் ஒரே இடத்திலே கூடியது. நேரான பரிகாரம் என்ன? கூடியவர்களிலே பாதிப்பேர் விலகி நிற்பது, அல்லது முறை வைத்துச் செல்வது. தேவர்களுள் ஒருவரையும் இறைவன் "சற்று நகர்க" என்று கூறவில்லை. கூட்டத்தின் கடனை ஒருவர் தலையிலே சுமத்தியாயிற்று. அவரும் யாவரினும் சிறிய உருவினர். இதனைத் தியாகம் எனப் புகழலாம். நீதி எனப் புகழ முடியாது. பல தலைமுறையாய் நம்மவரிடம் தியாகத்தைப் புகழ்ந்து நீதியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இக்கதை நல்ல கருவியாயிருந்தது.

இவ்விடத்திலே நம்மையும் நாம் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். "காட்டை அழித்து இந்நாட்டை உண்டாக்கியவர் நாமே" என மேடைகளிலே முழங்குகிறோம். நமது முன்னோரின் உழைப்பு மெய். அதனை எவரும் மறைத்தல் தகாது. எனினும் ஜொகூரிலே ரப்பர் வருமுன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கங்சு முறையின்கீழ்ச் சீனத் தொழிலாளர் ஆற்றங்கரைகளிலே காடு வெட்டி மிளகும் கம்பிரும் பயிரிட்டனர். மலாய்க் குடிகள் அவர்களுக்கு முன்னரே இருந்தனர். ஜக்கூன், செலேத்தார் முதலிய பூர்வகுடி மக்கள் காட்டிலும் கடலோரத்திலும் வாழ்ந்துவந்தனர். அவர்களையெல்லாம் தட்டிலே ஏற்றாது நம்மை மாத்திரம் நிறுத்துக்கொண்டால், நச்சினார்க்கினியர் தென்னாட்டாரை இராக்கதர் என்றதற்கும் நமது முழக்கத்துக்கும் வேறுபாடு என்ன?

இத்தனை குறை சொல்லியும், கச்சியப்பர் பாட்டிலே எம் நெஞ்சைவிட்டு அகலாத பகுதி ஒன்று உண்டு. அது முனிவரின் வருத்தம். தெய்வ ஆணையைத் தலைமேற்கொண்டு மகிழ்ந்து சென்றார் எனக் கவி எழுதியிருக்கலாம். பக்தி நூலுக்கு அதுவே எளிய வழி. அவர் அப்படி எழுதவில்லை. கலியாணத்தைக் காணாமல் போகிறோமே என்று வருந்துவதற்கு அவருக்கு இடங்கொடுத்தார். உலகமே சமமாகும் வேளையிலும், அதற்காக ஒருவன் இழப்பது இழப்புத்தான் என்பதைக் கவியுள்ளம் மறைக்கவில்லை. அவ்விழப்பின் நினைவு மக்களிடமும் நிலைத்தது. சித்திரை விசுவிலே பாபநாசத்தில் அகத்தியருக்கு மணக்காட்சி அருளும் விழா நடைபெறுவது அதனாலேதான். பிரசங்கியார்கள் இப்பகுதியை இரண்டு வாக்கியத்திலே கடந்து, குறுமுனியின் மகிமைக்குத் தாவிவிடுகின்றனர். கதையின் உயிரோ இவ்விடத்திலேதான் துடிக்கிறது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன, நம்மவர் நகரத்தை நாடினர். ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் விடியுமுன் 1924 இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் எண்ணற்றோர். ஒரு கரையிலே செல்வம் குவிய, மறு கரையிலிருந்து மனிதர் செல்லுகின்றனர். வீட்டிலே பிள்ளை விழிக்குமுன் புறப்பட்டு, உறங்கியபின் திரும்பும் தந்தைக்கும் ஒரு மணக்காட்சி இழப்பாகிறது. சமநிலைக்காக எவர் எதனை இழக்கின்றனர் என்னும் கேள்வி பழங்கதையோடு முடிந்துவிடவில்லை.

ஆதலின் வாசகர்கள் திருக்கல்யாணப் படலத்தைத் தாமே எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். அடுத்த சஷ்டியிலே பிரசங்கியார் இக்கதையைச் சொல்லும்போது, தென்றட்டிலே முன்னமே இருந்தவர் யாவர் என்றும், தேவர்களுள் ஒருவரேனும் ஏன் விலகி நிற்கவில்லை என்றும் மரியாதையோடு கேளுங்கள். கற்றறிந்த பிரசங்கியாராயின் அக்கேள்விக்கு மகிழ்வார். அன்று நடைபெறும் பிரசங்கமும் முன்னையினும் சிறந்ததாகும்.