உப்பு சரியாக இருந்த நாள்கள்

நன்றிக் குறிப்பேடு எளிய பழக்கம். இரவுதோறுமோ வாரத்துக்கு ஒரு முறையோ, தமக்குக் கிடைத்த நன்மைகளில் மூன்றையோ ஐந்தையோ ஒருவர் எழுதிவைக்கிறார். குடும்பங்களில் இது பல வடிவம் எடுத்திருக்கிறது. இரவுச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு நல்ல செய்தி சொல்கிறார்கள். துண்டுச் சீட்டுகளை ஒரு பாட்டிலில் போட்டுவைத்து வருடக் கடைசியில் பிரித்துப் படிக்கிறார்கள். தூங்கப்போகும் குழந்தையிடம் அன்று பிடித்தது எது என்று கேட்கிறார்கள். எப்போதும் நேர்மறையாகவே சிந்திக்க வேண்டும் என்ற அறிவுரையும் பெரும்பாலும் இதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. முதலாவது நடந்து முடிந்ததைக் கவனிப்பது. இரண்டாவது நடக்கப்போவதைப் பற்றிய மனப்பான்மை. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது.

இப்பழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எமன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும். 2003இல் வெளியான அவர்களது ஆய்வில் கல்லூரி மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். பத்து வாரங்கள், வாரம் ஒரு முறை, ஒரு குழு நன்றிக்குரியவற்றை எழுதியது; இன்னொன்று எரிச்சலூட்டியவற்றை எழுதியது; மூன்றாவது, தம்மைத் தொட்ட நிகழ்வுகள் எவையானாலும் எழுதியது. முதல் குழுவினர் தம் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு பேசினர். உடல் உபாதைகளையும் குறைவாகவே சொன்னார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மனும் அவரது குழுவினரும், இரவுதோறும் மூன்று நல்ல நிகழ்வுகளையும் அவை ஏன் நேர்ந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதவைத்தனர். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் தாமாகவே தொடர்ந்தவர்களிடம் அது நன்றாகத் தெரிந்தது.

இவற்றை மேற்கோள் காட்டுவோர் பலரும் ஒப்பீடு எவரோடு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பத்து வாரம் எரிச்சலை மட்டும் எண்ணி எழுதியவர் பக்கத்தில் நிறுத்தினால் யாருமே மகிழ்ச்சியானவராகத்தான் தெரிவார். சாதாரணமாக எதையோ எழுதியவரோடு ஒப்பிடும்போது இடைவெளி சுருங்கிவிடுகிறது. பிற்பாடு இத்தகைய ஆய்வுகள் பலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவன்ஸும், மனச்சோர்வையும் பதற்றத்தையும் இப்பயிற்சி சிறிதளவே குறைக்கிறது என்றும், அவற்றுக்கு வேறு சிகிச்சைகளை நாடுவதே முறை என்றும் முடிவுக்கு வந்தனர். அளவு விஷயத்திலும் ஒரு முரண் உண்டு. சோன்யா லியுபொமிர்ஸ்கி நடத்திய ஆறு வார ஆய்வில் வாரம் ஒரு முறை எழுதியவர்கள் பலன் கண்டனர். வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அது கிட்டவில்லை. தினமும் எழுதும் குறிப்பேடு, சில நாளில் வீட்டுப்பாடமாகிவிடுகிறது.

பலன் சிறியது என்பதால் பழக்கம் வீண் என்றாகாது. அது எதைச் சரிசெய்கிறது என்று பார்த்தால், குடும்பத்துக்குள் அதற்குத் தனி இடம் இருப்பது புரியும். மனித மனம் நல்லதைவிடக் கெட்டதை அழுத்தமாகப் பதிவு செய்கிறது. கிடைத்த நல்லதற்கும் சீக்கிரம் பழகிப்போகிறது. இந்த இரண்டு இயல்பும் சேர்ந்து ஆடும் களம் வீடு. குழம்பில் உப்பு கூடிப்போன நாளில் எல்லோரும் வாய் திறக்கிறார்கள். சரியாக இருந்த முந்நூறு நாள்களில் ஒருவரும் எதுவும் சொல்வதில்லை. மாவு அரைத்துவைத்தது, சிலிண்டருக்குப் பதிவு செய்தது, விடியற்காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பியது, மின்கட்டணத்தின் கடைசி நாளை நினைவில் வைத்திருந்தது எல்லாம் தவறும்போது மட்டுமே கண்ணில் படும் வேலைகள். இவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே இப்பழக்கத்தின் உண்மையான வலிமை. சேர்ந்து வாழும் இணையரை இரண்டு வாரம் நாள்தோறும் குறிப்பெழுதவைத்து சாரா ஆல்கோ நடத்திய ஆய்விலும், ஒருவர் மற்றவர் செய்த சிறு உதவியை உணர்ந்த நாளுக்கு மறுநாள் இருவருமே உறவை மேலாக மதிப்பிட்டனர்.

ஆனால் கவனிப்பதும் நன்றி சொல்வதும் ஒரே செயல் என்று கொள்வது, இப்பழக்கம் பிறந்த சமூகத்தின் வழக்கம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து கண்டங்களைச் சேர்ந்த எட்டு மொழிகளில் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நடந்த இயல்பான பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தது. உப்பை நகர்த்து, கதவைச் சாத்து போன்ற வேண்டுகோளை ஒருவர் நிறைவேற்றியபின் வாய்மொழி நன்றி கிடைத்தது ஏறத்தாழ இருபதில் ஒரு முறைதான். ஆங்கிலமும் இத்தாலியமும் சற்றுக் கூடுதலாக நன்றி சொல்லும் மொழிகள். ஈக்வடாரின் சாபலா மொழியில் அதற்கென்று வழக்கமான சொல்லே இல்லை. தமிழ்க் குடும்பங்களிலும் அம்மாவிடம் நன்றி என்று சொன்னால் அது அன்பாகக் கேட்காது; விருந்தாளியின் பேச்சாகவே ஒலிக்கும். ‘எனக்கே தேங்க்ஸா?’ என்ற பதிலில் லேசான மனத்தாங்கல்கூட இருக்கும். இன்னொரு கரண்டி ரசம் கேட்பது, ‘நீ சாப்பிட்டியா?’ என்று விசாரிப்பது, சமைத்தவர் உட்காரும்வரை காத்திருப்பது ஆகியவை அந்த வேலையைச் செய்கின்றன. நன்றிக் கடிதம் எழுதும் பயிற்சி அமெரிக்க மாணவர்களுக்குத் தந்த அளவு பலனைத் தென்கொரிய மாணவர்களுக்குத் தரவில்லை என்று 2013இல் ஒரு ஒப்பாய்வு கண்டதற்கும் இது போன்ற வேறுபாடுகளே காரணமாக இருக்கலாம்.

திருக்குறளின் இல்லறவியலில் உள்ள பதினோராம் அதிகாரத்தின் தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. அங்கே நன்றி என்பது வாய்ச்சொல்லைக் குறிக்காது. செய்யப்பட்ட நன்மையைக் குறிக்கும். தலைப்பு கேட்பது சொல்லுவதை அன்று, அறிவதை. குறிப்பேட்டுப் பழக்கத்தின் பயனுள்ள பகுதி எது என்று ஆய்வுகள் சுட்டுவதும் கிட்டத்தட்ட அதுவே.

இதே அதிகார அடைவில்தான் இப்பழக்கத்தின் பெரிய குறைக்கான எச்சரிக்கையும் இருக்கிறது. பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. இது ஏன் இங்கே வைக்கப்பட்டது என்பதற்குப் பரிமேலழகர் தரும் காரணம் நுட்பமானது. உதவி செய்தவரிடம் அந்த உதவியை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையும். அவ்விடத்தும் அது சிதையக்கூடாது என்பதற்காகவே அது செய்ந்நன்றி அறிதலுக்குப் பின் வந்தது என்கிறார். நன்றியுணர்வு நியாயத்தை வளைக்கக்கூடிய விசை என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நவீன உளவியல் நூல் அரிது.

குடும்பத்தில் அந்த விசை ‘நன்றிக்கடன்’ என்ற பெயரில் இயங்குகிறது. செஞ்சோற்றுக் கடனுக்காகத் தவறான பக்கம் நின்ற கர்ணனை மேடைகள் இன்றும் கொண்டாடுகின்றன. படிக்கவைத்த அண்ணனிடம் தம்பி கணக்குக் கேட்க முடியாது. வளர்த்த பெரியம்மா சொன்ன வரனை மறுக்க முடியாது. சொத்து விஷயத்தில் இது பத்திரமாகவே பதிவாகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தரும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது; இந்தியா முழுமைக்கும் அது 2005இல் வந்தது. ஆயினும் கல்யாணம் செய்துவைத்ததற்கும் தவறாமல் வந்த சீருக்கும் ஈடாக, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் சகோதரிகள் குறைவில்லை. அவர்களில் பலர் மனமுவந்தே போடுகிறார்கள் என்பது உண்மை. மறுத்தால் நன்றி கெட்டவள் என்ற பெயர் காத்திருக்கிறது என்பதும் உண்மை.

கணவன் மனைவிக்கு இடையிலும் நன்றி சமமாகப் பாய்வதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், வேலைக்குப் போகும் தம்பதியரை ஆராய்ந்து 1989இல் எழுதியவற்றில், வீட்டில் எது கடமை, எது கொடை என்று எண்ணப்படுகிறதோ அதைப் பொறுத்தே நன்றி பிறக்கிறது என்று காட்டினார். ஆண் துணி துவைத்தால் அது கொடை. பெண் துவைத்தால் அது செவ்வாய்க்கிழமை. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இந்த இடைவெளி இருக்கும் வீட்டில், எதற்கும் நன்றியோடு இரு என்ற அறிவுரை எவர் காதில் அதிகம் விழும் என்பதை ஊகிக்கலாம். அன்னையர் நாளில் ஒரு கேக் வெட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டியிலேயே விட்டுச்செல்வது நன்றியின் மலிவுப் பதிப்பு. புதுமணத் தம்பதியரைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து ஜேம்ஸ் மெக்நல்டியும் அலெக்சாண்டர் டூகாஸும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது: ஒருவர் மட்டும் நன்றியுணர்வு மிக்கவராக இருந்த மணவாழ்வில் அதன் பலன் காணாமல் போயிற்று.

குழந்தைகள் விஷயத்தில் நிலைமை வேறு. பெரும்பாலான வீடுகளில் பயிற்சி என்பது ‘மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு’ என்ற ஏவலோடு முடிந்துவிடுகிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா ஹஸாங், நன்றியை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்: கிடைத்ததைக் கவனிப்பது, ஏன் கிடைத்தது என்று யோசிப்பது, அதனால் எழும் உணர்வை அறிவது, அதற்கேற்ப ஏதாவது செய்வது. பெற்றோர் நேராக நான்காம் படிக்குத் தாவிவிடுகிறார்கள். தாத்தா வெயிலில் மூன்று கடை ஏறி இறங்கி அந்த வண்ணப் பென்சில் பெட்டியை வாங்கினார் என்று தெரிந்த குழந்தைக்கு ஏவல் தேவைப்படாது. சாப்பிடாத குழந்தையிடம் ‘சோறில்லாதவங்களை நினைச்சுப் பாரு’ என்பது இன்னும் மோசமான குறுக்குவழி. அது பிறர் செய்த நன்மையைக் காட்டுவதில்லை. பிறர் துன்பத்தை அளவுகோலாக்கிக் குற்றவுணர்வை மட்டும் ஊட்டுகிறது.

நேர்மறைச் சிந்தனை என்ற இரண்டாம் சரக்குக்கு ஆய்வு ஆதரவு இன்னும் மெலிது. 1952இல் நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய நூல் முதல் இன்றைய காலை வணக்கச் செய்திகள் வரை அது சொல்வது ஒன்றுதான்: நல்லதை நினை, நல்லது நடக்கும். கேப்ரியேல் ஓட்டிங்கன் வேலை தேடும் பட்டதாரிகளை ஆராய்ந்தபோது, வெற்றியை இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்தவர்களுக்கு வேலை வாய்ப்புகளும் சம்பளமும் குறைவாகவே அமைந்தன. கற்பனையிலேயே மனம் பாதி திருப்தி அடைந்துவிடுகிறது. ‘நான் அன்புக்குரியவன்’ என்பது போன்ற வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது, தன்மதிப்புக் குறைந்தவர்களின் மனநிலையை மேலும் தாழ்த்தியது என்று 2009இல் ஜோஆன் வுட் குழுவினர் கண்டனர். யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இந்த மனப்பான்மை செய்யும் கெடுதல், பேச்சை அடைப்பது. வேலை போனவரிடம் ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்றும், கரு கலைந்தவளிடம் ‘அடுத்தது தங்கும், பாசிட்டிவா இரு’ என்றும் சொல்லும்போது ஆறுதல் பெறுபவர் பெரும்பாலும் சொல்பவரே. கேட்பவர் அடுத்த முறை வாய் திறக்கமாட்டார். தம்பதியரின் வாக்குவாதங்களைப் பதிவு செய்து ஆராய்ந்த ஜான் காட்மன், நிலைத்த மணவாழ்வில் ஒரு கசப்பான பரிமாற்றத்துக்கு ஏறத்தாழ ஐந்து இனியவை இருப்பதாகக் கண்டார். இந்த ஐந்தையே பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள்; அதே கணக்கில் அந்த ஒன்றும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அடி உதை நடக்கும் வீட்டில் நல்லதைப் பார் என்ற அறிவுரை ஆபத்தாகவே முடியும்.

இத்தனை வரம்புகளுக்குள் வைத்துப் பார்த்தால், இப்பழக்கம் வாரம் ஒரு நாள் போதும், கட்டாயம் கூடாது, அன்றைய குறையையும் அதே மேசையில் சொல்ல இடம் வேண்டும். ‘குடும்பம், ஆரோக்கியம், கடவுள்’ என்று எழுதுவதில் பயன் குறைவு. யார், எதை, எந்தச் சிரமத்தோடு செய்தார் என்று எழுதும்போதுதான் கவனிப்பு நடக்கிறது. அப்படி இரண்டு மாதம் எழுதிய தாளில் ‘யார்’ என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே பெயர் வந்துகொண்டிருந்தால், அந்தத் தாள் அதற்குள் வீட்டு வேலையின் கணக்குப் புத்தகமாக மாறியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பேச வேண்டியது, திங்கள் முதல் மோட்டார் போடுவது யார், மாவு அரைப்பது யார் என்பது.