நெற்றியில் ஒரு வெண்திட்டு

நிக்காஹ் முடிந்து சில மாதங்களில் வீடு வந்து சேரும் ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்காதவர் நம்மில் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்க்கும் மூதாட்டி, தம் சொந்தப் பேத்தியின் படத்தைச் சுட்டி, "இது யார் வீட்டுப் பெண்?" என்று கேட்பதையும் நாம் செவியுற்றிருக்கிறோம். மூதாட்டியின் பார்வையில் குறையில்லை. படத்தில் இருப்பது அவர் வளர்த்த முகம் அன்று.

கவிதையையும் உரைநடையையும் எடைபோடும் பக்கங்களில் நிழற்படத் திருத்தத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். கவிதை நூல் இல்லாத அலமாரி நம் வீடுகளில் உண்டு. கலியாண ஆல்பம் இல்லாத அலமாரி அரிது. இத்தனை பேர் இத்தனை முறை பார்க்கும் ஒரு கலையை ஆய்வுக்கு உட்படுத்தாமல் விடுவது முறையாகாது.

முதலில் பிழையின் இயல்பைக் காண்போம். மேடை விளக்கோ பிளாஷோ அளவுக்கு மிஞ்சி முகத்தில் விழும்போது நெற்றி, மூக்கு முனை, கன்ன மேடு ஆகிய இடங்கள் வெளுத்துப் போகின்றன. சாதாரணப் படக்கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களும் 0 முதல் 255 வரையுள்ள எண்களாகப் பதிகின்றன. 255 என்பது கூரை. அதற்கு மேல் வந்த ஒளிக்கு அங்கே இடமில்லை. மனிதத் தோல், கறுப்பாயினும் சிவப்பாயினும், மிகுதியாகத் திருப்பி அனுப்புவது செந்நிற ஒளியையே. ஆகவே சிவப்பு முதலில் கூரையை முட்டுகிறது. பச்சை மட்டும் தொடர்ந்து ஏற, நெற்றி மஞ்சள் பூத்துவிடுகிறது. மூன்றுமே முட்டிய பின்னர் எஞ்சுவது வெற்றுக் காகிதத்தின் வெண்மைதான்.

இவ்விரு நிலைகளுக்கும் உள்ள வேற்றுமையிலேயே நம் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. சிவப்பு மட்டும் கெட்டிருந்தால், தோலின் நுண்துளைகளும் ரேகைகளும் பச்சைப் பதிவில் உயிரோடிருக்கும். கைதேர்ந்த திருத்தாளர் அங்கிருந்து அவற்றை எடுத்து வந்து முகத்தை மீட்டுவிடுவார். கேமரா தன் பதிவைச் சுருக்காமல் தரும் ரா கோப்பாக இருந்தால் இன்னும் நலம். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4096 அல்லது 16384 படிகள் உண்டு. வெளுத்துவிட்டதாகத் தோன்றிய நெற்றியிலும் பல வேளைகளில் விவரம் ஒளிந்திருக்கும். மூன்று நிறமும் கெட்டுவிட்டாலோ மென்பொருளை எப்பக்கம் திருகினாலும் வெண்மை சாம்பலாகுமேயன்றித் தோலாகாது. அப்போது திருத்தாளர் செய்வது வேறு வேலை. கன்னத்தின் தோலைப் படியெடுத்து நெற்றியில் ஒட்டுகிறார். அல்லது தோல் நிறத்தை மெல்லிய அடுக்காகப் பூசுகிறார். 1990இல் விற்பனைக்கு வந்த போட்டோஷாப், 2023 முதல் அந்தச் சிரமத்தையும் குறைத்துவிட்டது. இடத்தைக் காட்டினால் போதும், இல்லாத தோலைத் தானே உண்டாக்கித் தருகிறது.

மீட்பதும் உண்டாக்குவதும் ஆகிய இவ்விரண்டுக்கும் இன்று 'திருத்தம்' என்ற ஒரே பெயர். நம் முன்னோர் இதற்கு உடன்பட்டிருக்கமாட்டார்கள். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடர் ஓரிடத்தில் அறுந்திருந்தால், விடுபட்டவர் இன்னார் என்பது வேறொரு வழியில் தெரியவருமாயின் தொடர் பொருந்திவிடும். அவ்வாறின்றித் தாமாக ஒரு பெயரைச் செருகுபவரைப் பொய்யர் என்றே அக்கலையின் பெரியார்கள் குறித்து வைத்தனர். அவர் செருகிய பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று அவர்கள் பார்க்கவில்லை. தமிழிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவ்விடத்தை நிரப்ப இரண்டு பாட்டுப் புனைவது புலமை மிக்கோர்க்கு ஒரு பொழுது வேலை. எனினும் அவ்விரு எண்களும் இன்றுவரை வெறுமையாகவே நிற்கின்றன.

இன்னொன்றும் கருதத்தக்கது. படம் எடுப்பது கூடுமா என்பது பற்றி உலமாக்கள் பேசியது நீண்ட பேச்சு. அதை இங்கே விரிக்கப் புகவில்லை. எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீயீ அவர்கள் நிழற்படத்தை ஆகுமாக்கி ஒரு நூலே எழுதினார்கள். கேமரா புதிதாக உருவம் சமைக்கவில்லை, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த வாதத்தின் நிழலில்தான் நம் வீட்டுச் சுவர்களில் பல படங்கள் தொங்குகின்றன. விழாத நிழலைப் பூசி முகம் செய்யும்போது அந்த வாதம் நம்மோடு எவ்வளவு தூரம் வரும்? நாம் தீர்ப்பு வழங்கவில்லை. கேள்வியை மட்டும் வைக்கிறோம்.

கலியாணப் படம் ஹதீஸ் ஆகுமா, மகிழ்ச்சிக்காக எடுப்பதில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்பார்க்குப் பாதி உடன்படுகிறோம். ஒரு வாரத்தில் மறையப்போகும் பருவை நீக்குவதில் பொய் எதுவும் இல்லை. காலம் செய்யவிருப்பதைத் திருத்தாளர் சற்று முந்திச் செய்கிறார். பழைய ஸ்டூடியோக்களில் நெகடிவின் மீது கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்தவர்களும் சுருக்கங்களை மென்மையாக்கினர். முகம் முகமாகவே இருந்தது.

நம்மை வருத்துவது வேறு. இப்போதெல்லாம் பல இடங்களில் ஒளி தற்செயலாக மிஞ்சுவதில்லை, கேட்டு வாங்கப்படுகிறது. "பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக எடுங்கள்" என்று வீட்டாரே சொல்ல, படக்காரர் வெளிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட்டு, வெந்துபோன கன்னத்துக்கு மென்பொருளால் மெருகிடுகிறார். கோடக் நிறுவனம் அச்சு நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. பல நிறத்தாரும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது. அதை நாம் குறைகூறலாம், கூறவும் வேண்டும். நம் வீட்டு ஆல்பத்துக்கு எந்த அந்நியர் அட்டை அனுப்பினார்? மாநிறம் என்ற அழகான சொல்லைத் தமிழ் நமக்குத் தந்திருக்க, அந்த நிறத்தைப் படத்திலிருந்து நாமே துடைக்கச் சொல்கிறோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இத்தொழில் செய்கிறார். வபாத்தாகிவிட்ட ஒரு மூதாட்டியின் ஒரே படத்தை அவரிடம் கொடுத்திருந்தார்கள். யாரோ கைப்பேசியில் எடுத்தது. பிளாஷ் வெளிச்சத்தில் நெற்றி வெளுத்திருந்தது. அவர் இரண்டு பிரதிகள் செய்து கொண்டுவந்தார். ஒன்றில் மீட்க முடிந்ததை மீட்டு, நடுவே ஒரு விரலகல வெண்திட்டை அப்படியே விட்டிருந்தார். மற்றதில் மென்பொருள் நெற்றியை முழுதாகச் செய்து தந்திருந்தது. குறைசொல்ல முடியாத அழகு. "எதைக் கொடுக்கட்டும், ஹஜ்ரத்?" என்றார். இரண்டையும் காட்டி, எது எப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடும்படி கூறினோம்.

மூதாட்டியின் மூத்த மகன் அழகான பிரதியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "உம்மாவுக்கு நெற்றியில் ஒரு தழும்பு உண்டு, சிறு வயதில் கிணற்றடியில் விழுந்தது" என்று சொல்லி, மற்றதைக் கையிலெடுத்து வெண்திட்டின் மேல் விரலை வைத்து, "இங்கேதான்" என்றாராம். அந்தப் பிரதியைத்தான் அவர் கொண்டுபோனார்.