பெர்ஜே குகையும் குஃபினாட் கயிறும்

பெர்ஜே குகையில் இறங்குபவர்களில் பாதிப் பேர் பதின்மூவர் மண்டபத்தைப் பார்க்க இறங்குகிறார்கள். மீதிப் பேர் ஆயிரம் மீட்டரைத் தொட்டுவிட்டு வர இறங்குகிறார்கள். இரண்டுக்கும் நடுவே, 600 மீட்டர் ஆழத்தைத் தாண்டியதும் வருகிற குஃபினாட் என்ற தண்ணீர்ப் பாதைக்காகவே இறங்குபவர்கள் அரிது. அந்தக் குகையின் உயிர் இருப்பது அங்கேதான்.

பிரான்சின் வெர்கோர் மலைத்தொடரில், கிரெனோபிள் நகருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் சோர்னின் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,460 மீட்டர் உயரத்தில் அதன் வாய் இருக்கிறது. ஜோசப் பெர்ஜேயும் அவருடைய மூன்று தோழர்களும் அதைக் கண்டது 1953 மே 24 அன்று. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே குழு 900 மீட்டரைத் தாண்டியது. 1956ல் 1,122 மீட்டர் ஆழத்தில் சைஃபன், அதாவது கூரைவரை நீர் நிரம்பிய பாதை, வழியை மறித்தது. மனிதர் ஒரு குகைக்குள் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனது அதுவே முதல் முறை. இந்த வேகம் திடீரென்று வாய்த்ததல்ல. கிரெனோபிள் வட்டாரத்திலேயே, தென்ட் து க்ரோல் குகைகளில், பியேர் ஷெவாலியேயும் ஃபெர்னான் பெட்செலும் போர்க்காலம் முழுக்கப் பாடுபட்டு 1947ல் 658 மீட்டரை எட்டியிருந்தார்கள். நைலான் கயிற்றைக் குகைக்குள் முதலில் கொண்டுபோனவர்களில் அவர்களும் உண்டு. பெர்ஜே குழுவுக்குக் கைவந்த வித்தையில் அந்த உழைப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

வாயிலிருந்து 250 மீட்டர் வரை கிணறுகள்தாம். ருயிஸ், கேர்ன், கார்பி, கோந்தார், கடைசியில் நாற்பது மீட்டர் ஆல்டோ. நடுவில் தோளைத் திருப்பிக்கொண்டு நகர வேண்டிய குறுகலான வளைபாதைகள். இந்தப் பகுதியைச் சிலாகிப்பவர்கள் உண்டு. நல்ல கிணறுகள்தாம், சந்தேகமில்லை. ஆனால் இதுபோன்ற கிணறுகள் வெர்கோரில் பல குகைகளில் இருக்கின்றன. ஆல்டோவின் அடியில் கால் வைத்து, சற்று தூரம் நடந்து, பெரும் குடைவுக்குள் நுழைந்ததும் கேட்கிறதே நட்சத்திரமில்லா நதியின் ஓசை, அங்கேதான் பெர்ஜே தொடங்குகிறது.

நதி ஏன் அங்கே ஓடுகிறது என்பதைப் பாறையே சொல்லிவிடும். மேலே இருப்பது உர்கோனியன் சுண்ணாம்புக்கல்; தடித்தது, வெடிப்புகள் நிறைந்தது, மழை விழுந்ததும் குடித்துவிடுவது. பீடபூமியின் மேல் ஓடை எதுவும் நிற்பதில்லை. கீழே ஹோட்டெரிவியன் காலத்துக் களிமண் கலந்த படிவுகள் இருப்பதால் தண்ணீர் அதற்கு மேல் எளிதில் இறங்க முடியாமல், அடுக்குகளின் சரிவை ஒட்டிச் சாய்வாக ஓடுகிறது. அதனால்தான் செங்குத்தாக விழுந்துகொண்டே இருந்த குகை திடீரென்று நடக்கக்கூடிய, படிப்படியாகத் தாழும் ஒரு பெரும் பாதையாக மாறுகிறது.

அந்தப் பாதையில் முதலில் கவனிக்க வேண்டியது கதூ ஏரி. வறண்ட கோடையில் அது வெறும் சேற்றுக் குழி. பலர் அதை ஏரி என்று அறியாமலே கடந்து போயிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு அதே இடத்தில் படகு வேண்டும். உள்ளே போகும்போது ஏரியின் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளாதவர் குகையைப் படிக்கத் தெரியாதவர். திரும்பி வரும்போது அது நிரம்பியிருந்தால் வெளியேறும் வழி அங்கேயே அடைபட்டுவிடும்.

ஏரிக்குக் கீழே அருவிகள், பிறகு வீட்டளவுப் பாறைகள் சரிந்து கிடக்கும் பெரும் இடிபாடு, பிறகு 500 மீட்டர் ஆழத்தை ஒட்டிப் பதின்மூவர் மண்டபம். விளிம்பு கட்டிய நீர்த்தொட்டிகள் அடுக்கடுக்காக இறங்க, அவற்றின் நடுவே சுண்ணாம்புத் தூண்கள் ஆளுயரத்துக்குப் பல மடங்காக எழுந்து நிற்கும் அந்தக் காட்சியைப் புத்தக அட்டைகளில் பார்த்துப் பார்த்தே ஒரு தலைமுறை குகைக்காரர்கள் உருவானார்கள். அதன் அழகை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அது நதி விட்டுப்போன வீடு. நீர் சொட்டுவதைத் தவிர அங்கே வேறெதுவும் நடப்பதில்லை. அந்த மண்டபம் பார்ப்பவரிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு குகையின் உச்சம் என்று அதைச் சொல்வது, கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சன்னதிக்குள் போகாமல் திரும்புவதைப் போன்றது.

அதற்கும் கீழே வருவது உடை மாற்றுமிடம். முன்னோடிகள் நீருக்கான உடுப்பை அணிந்துகொண்ட இடம் என்பதால் அந்தப் பெயர். இன்றும் பலர் வெட்சூட்டுக்கு மாறுவது அங்கேதான். அடுத்த திருப்பத்தில் குடைவு ஒடுங்கி, நதி இரண்டு மழமழப்பான சுவர்களுக்கு நடுவே நுழைகிறது. ஆழமான குட்டைகள், குட்டைகளை இணைக்கும் வேகமான நீரோட்டம், பத்து டிகிரியைத் தொடாத குளிர். நடக்கத் தரை இல்லை. சுவரோடு படுக்கைவாக்கில் கட்டிய கயிறே பாதை. இதுதான் குஃபினாட்.

இங்கே கைவரிசை முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கிறது. இடுப்பு ஹார்னஸிலிருந்து இரண்டு குட்டைக் கயிறுகள், நுனிக்கொரு காரபினர் கொக்கி. ஒவ்வொரு ஆணியிலும் ஒன்றைக் கழற்றி மறுபக்கம் மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்ற வேண்டும். பின்னால் சாய்ந்து எடையைக் கயிற்றுக்குக் கொடுத்து, பாதத்தைச் சுவரில் அழுத்தி, பக்கவாட்டில் நகர வேண்டும். ஹார்னஸுக்குக் கீழே தொங்கும் பை ஓட்டத்தில் இழுபடும். கயிற்றை விறைப்பாகக் கட்டினால் நகர்வது சுகம். ஆனால் ஒருவர் விழுந்தால் ஆணிகளின் மேல் வரும் இழுவிசை அவருடைய எடையைப் போலப் பல மடங்கு. தொய்வாகக் கட்டினால் ஆணிக்குப் பாரம் குறைவு. ஆனால் ஒவ்வொரு இடைவெளியிலும் நடுவில் தாழ்ந்து, முனையில் கையூன்றி ஏற வேண்டும். பத்து மணி நேரம் கழித்து நனைந்த பைகளோடு எதிர்த்திசையில் வரும்போது அந்த ஏற்றம்தான் ஆளைத் தீர்க்கும். இரண்டுக்கும் நடுவில் சரியான தொய்வைக் கண்டுபிடிப்பது அனுபவம்.

அதைவிட முக்கியமானது கயிற்றின் உயரம். தண்ணீரை ஒட்டித் தாழக் கட்டினால் காலுக்கு விளிம்புகள் கிடைக்கும், வேலை பாதியாகக் குறையும். ஆனால் ஒடுக்கமான அந்தச் சந்தில் வெள்ளம் வந்தால் மட்டம் அகலமாகப் பரவ இடமில்லை, மேலேதான் ஏறும். தாழக் கட்டிய கயிறு அப்போது நதிக்கு அடியில் இருக்கும். உயரக் கட்டிய கயிற்றில் காலுக்குப் பிடிப்பு குறைவு, தோள் வலிக்கும், நேரம் போகும்; ஆனால் திரும்பி வருகிற வழி திறந்திருக்கும். ஒரு குழு எப்படிப்பட்டது என்பதை அதன் ஆழக் கணக்கிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. குஃபினாடில் அது எந்த உயரத்தில் கயிறு கட்டியது என்று பார்த்தால் போதும்.

குஃபினாடுக்குக் கீழே க்ளோதின் அருவி, பெரும் கேன்யன், காஷே கிணறு, பிறகு 44 மீட்டர் சூறாவளிக் கிணறு. நதி விழும் வேகத்தில் எழும் காற்றும் சாரலும் கயிற்றில் தொங்குபவரைச் சுழற்றுவதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. ஆனால் சூறாவளி ஒரே ஒரு துணிச்சலைக் கேட்கிறது. குஃபினாட் அடிக்கு அடி நிதானத்தைக் கேட்கிறது. அதற்கப்பால் சைஃபன். அங்கே மறையும் தண்ணீர் மலைக்கு அடியில் ஓடி, சாசனாஜ் ஊரின் குகை வாய்களில் வெளிவருகிறது.

1950களில் கயிற்றேணிகளும் தளவாடமும் மூட்டை மூட்டையாக இறங்கின. உள்ளே முகாமிட்டு நாட்கணக்கில் தங்கினார்கள். இலகுவான கயிறும் ஏறுகருவிகளும் வந்த பிறகு அடிவரை போய் ஒரே மூச்சில் திரும்பிவிட முடிகிறது. திறமை வளர்ந்திருக்கிறது என்பது உண்மை. பொறுமை குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. கோடையில் ஒரு குழு கட்டிய கயிற்றில் அடுத்த குழு, அதற்கடுத்த குழு என்று இறங்கும்போது, யார் கட்டினார், எந்த நீர்மட்டத்தை மனத்தில் வைத்துக் கட்டினார் என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கண்ணுக்கு முன் கயிறு இருக்கிறது, மாட்டிக்கொள்கிறார்கள். பழைய குழுக்கள் விட்டுச்சென்ற கார்பைடு விளக்குக் கழிவும் கிழிந்த கயிறும் முகாம் குப்பையும் தனி அவமானம். பிற்காலத் தன்னார்வலர்கள் அவற்றை மூட்டை கட்டித் தூக்கி வெளியேற்ற வேண்டியிருந்தது.

அவசரத்தின் விலையை நதி வசூலித்திருக்கிறது. பீடபூமியில் கோடை இடிமழை கொட்டினால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. முதலில் ஓசையின் சுருதி மாறும், பிறகு நுரை வரும், பிறகு நீர் கலங்கும். இந்த மூன்றையும் கவனிக்கப் பழகாதவருக்கு நான்காவது எச்சரிக்கை கிடையாது. 1996 கோடை வெள்ளத்தில் இருவர் இறந்தார்கள். அவர்கள் முதலும் அல்ல, கடைசியும் அல்ல.

இன்று ஆழத்தில் பெர்ஜே எவ்வளவோ பின்னால் போய்விட்டது. அப்காசியாவின் க்ருபெரா 2004ல் 2,000 மீட்டரைத் தாண்டியது. அதன் அண்டைக் குகையான வெரியோவ்கினா 2,200 மீட்டரையும் கடந்தது. 2009ல் முதன்முதலாக அளக்கப்பட்ட வியட்நாமின் சோன் தூங் பருமனில் எதையும் சிறிதாக்கிவிடும். ஆழத்தை ரசிப்பவர் அப்காசியாவுக்குப் போகட்டும். அகலத்தை ரசிப்பவர் சோன் தூங்குக்குப் போகட்டும். கிணறு, நதி, மண்டபம், சந்து, அருவி என்று ஒரு பாதாள நதியின் எல்லா முகங்களையும் இவ்வளவு ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் குகைகள் மிகச் சில. அவற்றில் முதல் இடம் பெர்ஜேக்குத்தான்.

இறங்க விரும்புபவர்கள் ஆன்ஜான் ஊராட்சியில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நிலையான வானிலை உறுதியாகும் வரை காத்திருக்கவும் வேண்டும். அடிவரை போக நேரமில்லை என்றால் சூறாவளியை விட்டுவிடலாம். குஃபினாடை மட்டும் அவசரமாகக் கடக்க வேண்டாம். அங்கே கயிற்றைச் சொந்தக் கையால், உயரத்தில் கட்டுங்கள்.