அரூப ஓவியமும் நமது கண்களும்

நமது இலக்கியச் சந்திப்புகளில் ஒரு கவிதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஓவியம் என்று வந்ததும் இரண்டு பதில்கள்தாம் கிடைக்கின்றன. உருவம் இருந்தால் "இது நமக்கு ஆகாது"; உருவம் இல்லாவிட்டால் "இது நமக்கு விளங்காது". இரண்டும் சேர்ந்து நம்மை ஓவியத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டன.

அக்குறணையைச் சேர்ந்த கவிஞர் ஒருவருடன் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸிலுள்ள சப்புமல் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. 43 குழுவினரின் ஓவியங்கள் அங்கே பேணப்படுகின்றன. நண்பர் ஒவ்வொரு படத்தின் முன்னும் "இது என்ன?" என்றே கேட்டுவந்தார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1943இல் லயனல் வென்ட்டின் முன்முயற்சியில் உருவான இக்குழு, கண்ணால் கண்டதை அப்படியே தீட்டுவதே கலை என்ற அன்றைய நிறுவனப் போக்கை மறுத்தது. அதன் முதன்மை ஓவியர்களுள் ஒருவரான ஜோர்ஜ் கீற் 1901இல் கண்டியில் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியில் படித்தவர். முன்முகத்தையும் பக்கமுகத்தையும் ஒரே முகத்தில் அவர் இணைத்தது பிக்காசோவின் வழி. ஆனால், வளைந்தோடும் அந்தத் தடித்த கோடு இந்த மண்ணுடையது. எனினும் கீற் உருவத்தை உடைத்தாரே தவிர, கைவிடவில்லை. ஐவன் பீரிஸ் இன்னும் சற்றுத் தள்ளிப் போனார். 1950களிலிருந்து இங்கிலாந்தில் வாழ்ந்தபடி நினைவிலிருந்து அவர் தீட்டிய தெஹிவளைக் கடற்கரையில், மணலும் கடலும் வானமும் கிடையான பட்டைகளாக ஒடுங்குகின்றன. கொழும்புத் துறைமுகத்தில் வரைபடக் கலைஞராகப் பணியாற்றிய ஜோர்ஜ் க்ளாசன் முழு அரூபத்துக்கே சென்றார். 43 குழுவை மொத்தமாக அரூப ஓவியர்கள் என்பது தவறு. உருவம் எவ்வளவு தூரம் கரையலாம் என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்ன குழு அது.

இது மேற்கின் சரக்கு என்பதே நம்மவர் வாதம். பாதி உண்மை. ஹரி பீரிஸும் ஜஸ்டின் தெரணியகலவும் பாரிஸில் பயின்றவர்கள்தாம். ஆனால் அந்தப் பாரிஸின் மத்தீஸ் எங்கே பயின்றார்? 1910இல் மியூனிக் நகரில் நடந்த இஸ்லாமியக் கலைக் கண்காட்சியைத் தேடிப் போய்ப் பார்த்தார். அதே ஆண்டின் இறுதியில் ஸ்பெயினுக்குப் பயணமாகி அல்ஹம்ப்ரா மாளிகையையும் கண்டார். ஆழம் காட்டாத தட்டையான வண்ணமும், சட்டகம் முழுவதும் பரவும் கோலமும் அவருடைய ஓவியங்களில் வலுப்பெற்றதில் அவற்றுக்குப் பங்குண்டு. நாம் அந்நியம் என்று ஒதுக்குவது நம் வீட்டு முற்றத்தையும் மிதித்து வந்ததுதான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தும்பறைப் பாயை எடுத்து விரித்துப் பாருங்கள். ஊடும் பாவும் செங்குத்தாகவே சந்திப்பதால், அதில் யானையும் மானும்கூடக் கோணங்களாகவும் படிகளாகவும் மாறிவிடுகின்றன. கண்டி மக்கள் தலைமுறைகளாக அந்தச் சுருக்கத்தை ரசித்தவர்கள். ஒருவரும் "விளங்கவில்லை" என்று சொன்னதில்லை. நமது வீட்டுச் சுவரில் தொங்கும் அரபு எழுத்தணியை, பொருள் தெரியாத பிள்ளையும் நின்று பார்க்கிறது.

ஆகவே அரூபம் நமதே என்று மார்தட்டிவிடலாமா? அதுவும் சோம்பேறித்தனம். கோலம் மரபுக்குக் கட்டுப்பட்டது. நெய்தவரின் துயரம் அதில் தெரிய வேண்டியதில்லை. அரூப ஓவியன் தனியாள். அடுத்த கோடு எங்கே போகும் என்பதற்கு அவனுக்கு முன்மாதிரி இல்லை. தவறினால் அது அவன் தவறு. பாயைப் பார்த்துப் பழகிய கண் ஓவியத்துக்கு நுழைவாயிலாகலாம்; அளவுகோலாக முடியாது.

43 குழு மீதும் குறை உண்டு. அதன் உலகம் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த கொழும்பு உயர்குழாத்தின் உலகம். தமிழில் பேசும் நம்மை அது தேடி வரவில்லை. ஆனால் நாமும் தேடிப் போகவில்லையே! நமது சஞ்சிகைகளின் அட்டையில் நவீன ஓவியம் வருகிறது. உள்ளே அதைப்பற்றி ஒரு பத்தி கிடையாது. பல வேளைகளில் வரைந்தவர் பெயரும் இல்லை.

திரும்பும் வழியில், பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது நண்பர் சொன்னார்: "அந்தக் கடற்கரைப் படத்திலே ஆளே இல்லாத மாதிரி ஒரு தனிமை மச்சான்." அவர் அறியாமலே விமர்சனத்தின் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன்.