ஓவியர் நாகரா?

சிறுபாணாற்றுப்படைத் தலைவன் நல்லியக்கோடனின் ஓவியர் குடியைத் தமிழரின் வேறாகிய நாகர் கிளையென 1904இல் எழுதினார் வி. கனகசபை. சீனத்துச் சியன்பெய் மரபினரோடு ஒப்பிடின் இக்கொள்கையின் தளர்ச்சி புலனாம். வடபுல மேய்ச்சல்நிலத்தாராகிய அவருள் தோபா குடியினர் 386இல் வட வேய் அரசை நிறுவினர். 494இல் லோயாங்கைத் தலைநகராக்கி, 496இல் தம் குடிப்பெயரையே யுவான் எனச் சீனமாக்கினர். இம்மாற்றத்தை 'வேய் சூ' என்னும் வரலாற்று நூல் ஆண்டு குறித்து உரைக்கின்றது. ஓவியர்க்கு அத்தகு சான்று யாதுளது?

நல்லியக்கோடனது எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்து உப்பளக் கரையென்பர் அறிஞர். அதன் அண்டையதாகிய இடைக்கழிநாட்டு நத்தத்தனார், துயிலும் ஒட்டகம் போன்ற மணவிறகைக் கடலலை அங்குக் கொணர்ந்ததைப் பாடினார். விறகின் வரவையும் விடாது கூறியவர், தலைவன் குடி வேற்றினமென ஒரு சொல்லும் கூறிற்றிலர். புகழ்நூலாதலின் மறைத்தார் என்பாருமுளர். மறைத்தமைக்கும் சான்று வேண்டுமன்றோ? அதுவரை அக்கொள்கையை நாம் உடன்படோம்.