ஒரு கம்பியின் கலை

ஹாம் ரேடியோக்காரர்கள் ‘கியூஆர்பி’ என்று சொல்வது குறைந்த சக்தியில் ஒலிபரப்புவதை. மோர்ஸ் என்றால் 5 வாட், குரல் என்றால் உச்சத்தில் 10 வாட் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை. இந்தத் துறையில் பேச்சும் புகழும் பெரும்பாலும் அனுப்பவும் பெறவும் உதவும் பெட்டியான டிரான்ஸீவருக்கே போய்ச் சேர்கின்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் உருவாக்கிய ‘பிட்எக்ஸ்’, எளிதில் கிடைக்கும் மலிவான பாகங்களைக் கொண்டே வீட்டில் செய்துவிடலாம் என்பதால் உலகெங்கும் கொண்டாடப்பட்டது. அந்தப் புகழில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மலையுச்சியிலோ ஆற்றங்கரையிலோ அந்தப் பெட்டியின் குரலைத் தொலைவுக்குக் கொண்டு சேர்ப்பது அதில் மாட்டும் கம்பி. அறிவும் கைத்திறனும் அழகும் ஒன்றாகத் திரண்டிருப்பது அந்தக் கம்பியில்தான் என்பது என் கட்சி.

கணக்கு அதற்குச் சாட்சி. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இழப்பது 13 டெசிபெல். ரிசீவரின் எஸ்-மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். எனவே ஒன்பதில் கேட்ட குரல் ஏழுக்குச் சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவுதான். சக்தியை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தும் இழப்பு இரண்டு படிகளைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. இனி ஆன்டெனாவைப் பாருங்கள். 1.2 மீட்டர் நீளமுள்ள ஒரு குட்டைக் கம்பத்தை 7 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தினால் அதன் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு ஓம். அதை இசைவுபடுத்தும் சுருளிலும் மண்ணிலும் இருக்கும் தடையோ பல ஓம். 5 வாட்டில் மிகப் பெரும் பங்கு வெப்பமாகிவிடும். வானுக்குப் போவது நூற்றில் சில பங்கு. பெட்டியில் சக்தியைக் குறைத்ததால் நேர்ந்த அளவுக்கு இழப்பை ஒரு மோசமான ஆன்டெனா தனியாகவே உண்டாக்கிவிட முடியும். விரும்பிச் சிக்கனத்தை ஏற்றவர் ஆன்டெனாவில் ஊதாரியாக இருக்கலாகாது.

அந்தச் சிக்கனத்தின் மிக அழகான வடிவம், ஒரு முனையில் ஊட்டப்படும் அரை அலைநீளக் கம்பி. இதன் வம்சம் பழையது. ஜெர்மானியரான ஹான்ஸ் பெக்கரோ 1909இல் செப்பலின் வான்கப்பல்களுக்காக இத்தகைய ஆன்டெனாவை வடிவமைத்தார். கப்பலிலிருந்து தொங்கும் கம்பியின் ஒரு முனைதான் கைக்கு எட்டும். ஆற்றலை அங்கேயே ஊட்டியாக வேண்டும். 1920களின் பிற்பகுதியில் ஆஸ்திரிய அமெச்சூர் யோசப் ஃபூக்ஸ் இதே சிக்கலுக்கு இசைவுச் சுற்று ஒன்றால் விடை கண்டார். மலையேறுபவரின் சிக்கலும் அதுவே. மீட்டிய வீணைத் தந்தி நடுவில் அகலமாக அசைந்து, முனைகளில் அசையாமல் நிற்கும். இந்தக் கம்பியிலும் மின்னோட்டம் நடுவில் உச்சம், முனைகளில் ஏறக்குறைய பூஜ்யம். மின்னழுத்தம் அதற்கு நேர்மாறு. அதனால் முனையில் இம்பீடன்ஸ் சில ஆயிரம் ஓம் வரை ஏறுகிறது. டிரான்ஸீவர் எதிர்பார்ப்பதோ 50 ஓம். ஒரு ஃபெர்ரைட் வளையத்தில் ஒரு பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14 சுற்று சுற்றினால் 49 மடங்கு மாற்றம் கிடைத்து, 50 ஓம் 2,450 ஓமுக்கு இணையாகிறது. தந்தியில் மேல் சுரங்கள் எழுவதைப் போலவே, 7 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய 20 மீட்டர் கம்பி 14, 21, 28 மெகாஹெர்ட்ஸிலும் இசைகிறது. ஹாம்களுக்கான அலைவரிசைகளில் பல இந்த மடங்குகளிலேயே அமைந்திருப்பதால் ஒரே கம்பி நான்கு இடங்களில் பேசுகிறது.

இனி கைத்திறன். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் கிடைக்கும், 14.06க்கு 10.17 மீட்டர். ஆனால் கம்பியின் உறையும் அருகிலுள்ள மரமும் தரையும் இசைவைக் கீழே இழுக்கும். அதனால் முதலில் சற்று நீளமாக வெட்டி, கட்டிப் பார்த்து, பிறகு குறைப்பார்கள். 14 மெகாஹெர்ட்ஸில் 10 சென்டிமீட்டர் குறைத்தால் இசைவு சுமார் 140 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். இதை அறிந்தவர் கத்தியை அவசரமாக எடுக்கமாட்டார். முனையை மடித்துக் கட்டியே சோதிப்பார். மெல்லிய நூலில் ஒரு குண்டைக் கட்டிச் சரியான கிளைக்கு மேல் எறிவது, மரமில்லாத உச்சியில் மடக்கும் ஃபைபர் கிளாஸ் கழியை நிறுத்துவது, முறுக்கு விழாமல் கம்பியை எட்டு வடிவில் சுற்றி வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. 5 வாட்டிலும் கம்பியின் முனையில் 110 வோல்ட் நிற்பதால் அதைக் கட்டும் கயிறு காப்புப் பொருளாக இருக்க வேண்டும். 2002இல் பிரிட்டனில் தொடங்கிய ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ திட்டம் உச்சிக்கான கடைசி ஏற்றத்தை வாகனமில்லாமல் கடக்க வேண்டும் என்றும், வாகன பேட்டரியிலோ எரிபொருள் ஜெனரேட்டரிலோ நிலையத்தை இயக்கக் கூடாது என்றும் விதித்தது. தூக்கிச் செல்லும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு வந்தபோது, நூறு கிராமுக்குள் அடங்கும் மெல்லிய கம்பியின் மதிப்பு பலருக்கும் விளங்கியது.

நடுவில் ஊட்டும் டைபோலே மேல், டிரான்ஸ்ஃபார்மர் ஆற்றலைத் தின்கிறது என்பார்கள். வீட்டில் நிலையாகக் கட்டினால் டைபோல் அருமையானதுதான். களத்தில் கதை வேறு. வளையத்தில் போவது ஏறத்தாழ 1 டெசிபெல். கேட்பவர் காதுக்கு அது எட்டாது. டைபோலின் நடுவிலிருந்து தொங்கும் மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் 10 மீட்டர் இருந்தாலே 14 மெகாஹெர்ட்ஸில் 1 டெசிபெல்லுக்கு மேல் தின்றுவிடும். அதன் எடையைத் தாங்க உறுதியான கழியும் வேண்டும். கம்பி தாழ்வாக இருக்கிறதே என்பது அடுத்த ஆட்சேபம். 14 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் உயரம் அரை அலைநீளம். அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பிக் கண்டம் தாண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் தாழக் கட்டினால் அலை ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து, அயனிமண்டலத்தில் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். கொடைக்கானலிலிருந்து சென்னையுடன் பேச விரும்புபவருக்கு அது வரம். சிறு காந்த வளைய ஆன்டெனா பால்கனிக்குப் பொருத்தம். ஆனால் அதன் அலைவரிசை அகலம் மிகக் குறுகியது, சற்று நகர்ந்தாலும் மறுபடி இசைவுபடுத்த வேண்டும்.

குறைந்த சக்தியில் கிடைக்கும் தொடர்பெல்லாம் அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு, நோபல் பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் 2008இல் வெளியிட்ட ‘விஸ்பர்’ முறை பதில் சொல்கிறது. வெறும் 200 மில்லிவாட்டில் அனுப்பிய சமிக்ஞைகள் கடல் கடந்து பதிவாவது அதில் அன்றாட நிகழ்வு. புதிதாக ஹாம் உரிமம் பெற்றவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: பெரிய பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கும் முன், ஒரு ஃபெர்ரைட் வளையமும் 20 மீட்டர் கம்பியும் வாங்கி, உங்கள் கையாலேயே சுற்றி, அளந்து, மரத்தில் கட்டிப் பாருங்கள். கேட்கும் ஊர்கள் கூடுவதை நீங்களே காண்பீர்கள்.